கூச்சக்காரப் பெண்ணும் குலை தள்ளிய ஆண்பனையும்

கிவிப் பழச் செடியின் மரபணு ஒன்றுக்கு 'ஷை கேர்ள்' என்று பெயர். கூச்சக்காரப் பெண். 2018-இல் ஜப்பானைச் சேர்ந்த தகாஷி அகாகியும் அவருடைய குழுவினரும் வைத்த பெயர் இது. அடுத்த ஆண்டு அதே செடியில் இன்னொரு மரபணுவைக் கண்டுபிடித்து அதற்கு 'ஃப்ரெண்ட்லி பாய்' என்று வைத்தார்கள். நட்பான பையன். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எண்பதுகளில் வந்த ஏதோ ஒரு தமிழ்ப் படத்தின் கதைச்சுருக்கம் மாதிரி இருக்கிறது. அவள் கூச்சப்படுவாள், இவன் வலியப் போய்ப் பேசுவான், இடைவேளைக்குள் காதல் வந்துவிடும்.

ஆனால் இந்தக் கூச்சக்காரப் பெண் பெண்செடியில் கிடையாது. ஆண்செடியின் ஒய் குரோமோசோமில் மட்டும்தான் இருக்கிறாள். அவள் வேலை, ஆண்செடியின் பூவில் சூலகம் வளராமல் நிறுத்தி வைப்பது. நட்பான பையனும் அதே ஒய் குரோமோசோமில்தான் இருக்கிறான். மகரந்தப்பையின் உட்சுவர்த் திசு சரியான நேரத்தில் கரைந்து, மகரந்தம் முழுசாக உருவாக உதவுவது அவன் வேலை. பெண்செடியில் இரண்டு பேருமே இல்லை. யாரும் நிறுத்தாததால் சூலகம் வளர்கிறது. உதவிக்கு ஆள் இல்லாததால் மகரந்தம் வீணாகிறது. விஷயம் இவ்வளவுதான். இதில் கூச்சம் எங்கே வந்தது, நட்பு எங்கே வந்தது?

நான் உயிரியல் படித்தவன் இல்லை. பொறியியல் படித்து மென்பொருள் எழுதுகிறவன். என் வேலையில் பாதி நேரம் பெயர் வைப்பதில்தான் போகிறது. ஒரு செயலிக்குள் இருக்கிற சின்னத் துண்டுக்கு நான் இன்று வைக்கிற பெயரை நாளைக்கு முகம் தெரியாத ஒருவர் படிப்பார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்க மாட்டார். பெயரை நம்பி அதன் மேல் இன்னொன்றைக் கட்டுவார். பெயர் ஒன்றும் வேலை வேறுமாக இருந்தால் கட்டடம் எங்கேயோ ஓரிடத்தில் விரிசல் விடும். இந்தப் பழக்கத்தோடுதான் தாவரங்களின் பால் நிர்ணயம் பற்றிய ஆய்வுகளைப் படிக்கிறேன். ஆய்வுகள் அருமையானவை, அதில் எனக்கு மறுப்பே கிடையாது. இங்கே விமர்சிக்க நினைப்பது அவற்றின் மொழியை. ஒரு மரபணுவின் பெயர் என்பது ஒரு வரிச் சிறுகதை. எல்லாச் சிறுகதையையும் போல அதையும் நல்லது, சுமார், மோசம் என்று தரம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் பூ. செம்பருத்தியை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் பிய்த்துப் பார்த்திருப்போம். நடுவில் நீளமாக ஒரு குழல், அதைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாக மகரந்தப்பைகள், உச்சியில் ஐந்து சிவப்புப் புள்ளிகளாகச் சூல்முடி, அடியில் சூலகம். தூள் செய்கிற வேலையும் சூல் வளர்க்கிற வேலையும் ஒரே பூவுக்குள் நடக்கின்றன. பூக்கும் தாவரங்களில் பெரும்பான்மை இப்படி, அல்லது ஒரே செடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியாகப் பூக்கிறவை. ஆண்செடி வேறு, பெண்செடி வேறு என்று முழுதாகப் பிரிந்தவை ஏறக்குறைய 6 சதவீத இனங்கள்தான். பனை, பேரீச்சை, பப்பாளி, கோவை என்று நமக்குப் பழக்கமான சிலவும் அதில் உண்டு. கோவைக்கொடியில் இந்தப் பிரிவு நுண்ணோக்கியிலேயே தெரியும். ஆண்கொடியின் ஒய் குரோமோசோம் மற்ற எல்லா குரோமோசோம்களையும் விடப் பெரியது.

இந்த 6 சதவீதமும் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததில்லை. வெவ்வேறு குடும்பங்களில், வெவ்வேறு காலங்களில், நூற்றுக்கணக்கான முறை தனித்தனியாக இந்தப் பிரிவு நடந்திருக்கிறது. பாலூட்டிகளில் யானைக்கும் எலிக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே பழைய ஏற்பாடுதான் ஓடுகிறது. தாவரங்களில் அப்படி இல்லை. ஒவ்வொரு குடும்பமும் புதிதாக ஒரு ஏற்பாட்டைச் செய்திருக்கிறது, அதுவும் பெரும்பாலும் இருந்ததில் ஒன்றை இழந்து. இரண்டு வேலையும் தெரிந்த ஒரு செடி ஒரு வேலையை நிறுத்திவிடுகிறது. அதன் பிறகு நாம் அதை ஆண் என்கிறோம் அல்லது பெண் என்கிறோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போய், ஆண், பெண் என்ற சொற்கள் செடிக்கு எப்படி வந்தன என்று பார்ப்போம். பேரீச்சைக்கு ஆண்மரத்தின் தூளைக் கொண்டுபோய்ப் பெண்மரத்தில் தூவுகிற வழக்கம் மேற்காசியாவில் மிகப் பழையது. ஆனால் பூக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இதைச் சோதித்துக் காட்டியவர் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் இருந்த கேமராரியஸ். 1694-இல் ஒரு நீண்ட கடிதமாக எழுதினார். மல்பெரியின் பெண்மரத்தைத் தனியாக வைத்தால் பழம் வருகிறது, விதை வெறும் கூடாக இருக்கிறது. ஆமணக்கின் ஆண்பூக்களை மொட்டிலேயே கிள்ளிவிட்டால் விதை கட்டுவதில்லை. எதை எடுத்தால் எது நிற்கிறது என்று பார்த்து, அதை வைத்து உறுப்புகளுக்கு ஆண், பெண் என்று பெயர் சொன்னார். ஒரு புரோகிராமர் பிழை தேடுகிற முறை இதேதான். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

நாற்பது வருஷம் கழித்து லின்னேயஸ் வந்தார். 1735-இல் வெளியான அவருடைய வகைப்பாட்டில் செடிகள் எல்லாம் கல்யாணம் செய்துகொண்டன. மகரந்தத்தாள் ஒன்று இருந்தால் ஒரு கணவன், இரண்டு இருந்தால் ஒரே மணத்தில் இரண்டு கணவன்மார், இருபதுக்கு மேல் இருந்தால் ஒரே படுக்கையில் ஒரு கூட்டம். ஆண்செடியும் பெண்செடியும் தனித்தனியாக இருந்தால் கணவனும் மனைவியும் வேறு வேறு வீட்டில் இருக்கிறார்களாம். இதை ஆபாசம் என்று செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருந்த ஜீகஸ்பெக் கண்டித்து எழுதினார். அந்தக் கண்டனத்தை இன்று யாரும் படிப்பதில்லை. லின்னேயஸின் சொற்கள் மட்டும் நின்றுவிட்டன. தமிழ்ப் பாடநூலில் 'ஓரில்லம்', 'ஈரில்லம்' என்று படித்தோமே, அந்த இல்லம் அவர் கட்டிய வீடுதான். பனைமரம் இரண்டு வீடு எடுத்துத் தனிக்குடித்தனம் போன கதையை, அது கதை என்றே தெரியாமல், இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம்.

கேமராரியஸ் செடியை வேலையால் பார்த்தார். லின்னேயஸ் குடும்பத்தால் பார்த்தார். அதற்குப் பிறகு இந்தத் துறையின் மொழி இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டே இருக்கிறது என்பது என் வாசிப்பு.

கேமராரியஸ் பக்கம் சாய்ந்த நல்ல உதாரணம் மக்காச்சோளம். அதில் உச்சியில் இருக்கிற கொண்டை தூள் தரும், கணுவில் இருக்கிற கதிர் விதை தரும். ஒரு திரிபில் உச்சிக் கொண்டையிலேயே விதை கட்டும். அதற்கு 'டாசல்சீட்' என்று பெயர், கொண்டைவிதை என்று சொல்லலாம். இன்னொரு திரிபில் கதிரில் பட்டுநூல் வராது. அதற்கு 'சில்க்லெஸ்', பட்டிலி. வயலில் போய் நின்றால் கண்ணுக்குத் தெரிவது எதுவோ அதுவே பெயர். 1930-களில் மரபியலாளர்கள் இந்த இரண்டு திரிபுகளையும் சேர்த்து, ஆண்செடி வேறு பெண்செடி வேறாக இருக்கும் மக்காச்சோளத்தையே உண்டாக்கிக் காட்டினார்கள். லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடக்கிற பரிணாமத்தின் ஒரு சின்ன மாதிரியை வயலில் வைத்துச் செய்து காட்டியது போல. அவ்வளவு பெரிய காரியத்துக்கும் அந்தப் பெயர்கள் தாங்கின. விரிசல் விடவில்லை.

1978-இல் பிரையன் சார்ல்ஸ்வொர்த், டெபோரா சார்ல்ஸ்வொர்த் இருவரும் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். இருபாலான ஒரு செடிக்கூட்டம் ஆண், பெண் என்று பிரிய இரண்டு மாற்றங்கள் வேண்டும். ஒன்று தூள் செய்கிற வேலையைக் கெடுக்கும். அதனால் சில செடிகள் பெண்ணாகும். இன்னொன்று சூல் வளர்க்கிற வேலையை நிறுத்தும். அதனால் மற்றவை ஆணாகும். இந்த இரண்டு இடங்களும் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, ஒன்றாகவே அடுத்த தலைமுறைக்குப் போனால்தான் ஏற்பாடு நிலைக்கும். பிரிந்து கலந்தால் இரண்டு வேலையும் தெரியாத மலடுகளும், இரண்டும் தெரிந்த பழைய வகையும் திரும்பி வந்துவிடும். அந்த இரண்டு இடங்களையும் பூட்டி வைக்கிற முயற்சியிலிருந்துதான் ஒய் குரோமோசோம் மெல்ல மெல்ல உருவாகிறது. எனக்குத் தெரிந்து இதைவிடச் சுத்தமான வடிவமைப்புக் குறிப்பு குறைவு. இரண்டு சுவிட்ச், ஒரு பூட்டு.

2017-இல் அஸ்பாரகஸில் இந்த இரண்டு சுவிட்சுகளும் கிட்டத்தட்ட அப்படியே கிடைத்தன. நம்மூர்த் தண்ணீர்விட்டான் கிழங்கு இதே பேரினம்தான். அதன் பூவில் இரண்டு வேலையும் ஒன்றாக நடக்கும். சமையலுக்கு வரும் அஸ்பாரகஸில்தான் ஆண், பெண் பிரிந்திருக்கிறது. அங்கே சூலகத்தை நிறுத்துகிற மரபணுவின் பெயர் 'சப்ரஸர் ஆஃப் ஃபீமேல் ஃபங்ஷன்'. பெண் செயல்பாட்டை அடக்குவது. அழகில்லாத, அலுவலகக் கோப்பு மாதிரியான பெயர். ஆனால் இதில் 'செயல்பாடு' என்ற ஒரு சொல் இருக்கிறது பாருங்கள், அது முக்கியம். அடக்கப்படுவது பெண் இல்லை, ஒரு வேலை. அந்த மரபணுவைக் கெடுத்தபோது ஆண்செடி பெண்ணாகவில்லை, இருபாலானது. தூள் செய்வது நிற்கவே இல்லை, கூடவே சூலும் வளர்ந்தது. பெயர் சொன்னபடியே நடந்தது.

இனி பெர்சிமன். இது கருங்காலியின் உறவு. சீமைப் பனிச்சை என்று சிலர் சொல்வதுண்டு. 2014-இல் இதே அகாகியும், தாவோ, ஹென்றி, கோமாய் ஆகியோரும் சேர்ந்து இதன் பால் நிர்ணயத்தைக் கண்டுபிடித்தார்கள். எல்லா மரத்திலும் 'மெகி' என்று ஒரு மரபணு இருக்கிறது. அது மகரந்தப்பையின் வளர்ச்சியைத் தடுக்கும். ஆண்மரத்தின் ஒய் குரோமோசோமில் மட்டும் 'ஓகி' என்று ஒன்று. அது புரதம் எதுவும் செய்யாது. குட்டி ஆர்என்ஏ துண்டுகளைச் செய்யும். அந்தத் துண்டுகள் மெகியின் செய்தியைத் தேடிப் பிடித்து அழிக்கும். தடுக்கிறவனைத் தடுத்தால் மகரந்தம் வளரும். மரம் ஆணாகும். இங்கே ஆண் என்பதே இரட்டை எதிர்மறை. 'வேண்டாம் என்று சொல்லாதே' என்பது மாதிரி. மென்பொருளில் இப்படி எழுதினால் பக்கத்து இருக்கைக்காரர் திட்டுவார். இயற்கைக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை.

பெயர்களுக்கு வருவோம். ஜப்பானிய மொழியில் மெகி என்றால் பெண்மரம், ஓகி என்றால் ஆண்மரம். அதே எழுத்துகளை ஆங்கிலத்தில் விரித்தால் மெகி 'ஆண் வளர்ச்சித் தடுப்பான்', ஓகி 'மெகியை ஒடுக்குபவன்'. சிலேடை. காளமேகம் படித்து வளர்ந்த நமக்கு இந்த விளையாட்டை ரசிக்கத் தெரியும், நானும் ரசித்தேன். ஆனால் இரண்டாவது வாசிப்பில் உறுத்த ஆரம்பிக்கிறது. மெகி பெண்மரத்துக்கு மட்டும் சொந்தமில்லை, ஆண்மரத்திலும் இருக்கிறது. ஆண்மரத்துக்குள் இருக்கிற ஒன்றைப் 'பெண்மரம்' என்று கூப்பிட்டு, அதை அழிக்கிற துண்டை 'ஒடுக்குபவன்' என்று கூப்பிட்டால், ஒரு சுவிட்சின் கதை ஒரு வீட்டின் கதையாகிவிடுகிறது. ஆண் என்றால் ஒடுக்குபவன், பெண் என்றால் ஒடுக்கப்படுபவள். லின்னேயஸ் கட்டிய அதே வீடு, இந்தத் தடவை உள்ளே சண்டை.

அங்கிருந்து கிவிக்கு வந்தால் சண்டை முடிந்து சினிமாவாகிறது. கிவிக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு நல்ல கதை இருக்கிறது. 1904-இல் நியூஸிலாந்தின் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் சீனாவிலிருந்து திரும்பும்போது கொஞ்சம் விதை கொண்டுவந்தார். அதில் ஆண்செடியும் பெண்செடியும் முளைத்தது அந்த நாட்டின் அதிர்ஷ்டம். ஒரே பாலாக முளைத்திருந்தால் பழமும் இல்லை, ஏற்றுமதியும் இல்லை. பூக்கிற வரைக்கும் எது எது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாட்டின் விவசாய வரலாறே ஒரு கைப்பிடி விதையின் பாலில் தொங்கியிருக்கிறது. இவ்வளவு பெரிய நிஜம் பக்கத்தில் இருக்கும்போது கூச்சம், நட்பு என்பதெல்லாம் மெலிந்துபோன கற்பனையாகத்தான் படுகிறது. நிறுத்துகிற வேலையைக் 'கூச்சம்' என்று சொல்லும்போது இன்னொரு விஷயமும் நடக்கிறது. வெளியிலிருந்து வருகிற ஒரு தடை, தடுக்கப்பட்டவளின் குணமாக மாறிவிடுகிறது. அவளாகவேதான் ஒதுங்கி நின்றாள் என்று. இந்த வாக்கியத்தை நம் வீடுகளில் வேறு சந்தர்ப்பங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம், இல்லையா?

சரி, இதெல்லாம் வெறும் பெயர்தானே, ஆராய்ச்சியாளர்கள் அதைப் பார்த்தா வேலை செய்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழ ஈ ஆய்வில் இதைவிட விளையாட்டான பெயர்கள் உண்டு. நினைவில் நிற்கப் பெயர் வேண்டும், நாள் முழுக்க ஆய்வகத்தில் நிற்பவர்களுக்கு ஒரு சிரிப்பும் வேண்டும். அதை மறுக்கவில்லை. அகாகிக்கு அந்த மரபணு என்ன செய்கிறது என்று தெரியும், அவரைப் பெயர் ஏமாற்றாது. ஆனால் பெயர் ஆய்வகத்திலேயே இருப்பதில்லை. செய்திக்கு வருகிறது, பாடநூலுக்கு வருகிறது, மொழிபெயர்ப்புக்கு வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அதன் மேல் கட்டுகிறவர்கள் நாம்தான்.

நாம் எப்படிக் கட்டுகிறோம் என்பதற்குப் பப்பாளி நல்ல உதாரணம். 1938-இல் ஹவாயில் ஸ்டோரியும் தென்னாப்பிரிக்காவில் ஹோஃப்மெய்ரும் தனித்தனியாகப் பப்பாளியின் பால் கணக்கைப் போட்டார்கள். மூன்று வகை மரம். பெண், ஆண், இருபால். இன்றைய மொழியில் சொன்னால், பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸ் ஒரு ஒய், இருபால் மரத்துக்கு ஒரு எக்ஸும் ஒய்யின் இன்னொரு வடிவமும். எக்ஸ் இல்லாமல் இரண்டு ஒய் சேர்ந்தால் எந்த வடிவமானாலும் கருவிலேயே செத்துவிடும். அதனால்தான் இருபால் மரத்தின் பழத்தைத் தன் தூளாலேயே உண்டாக்கி விதை எடுத்தால் மூன்றில் இரண்டு இருபால், ஒன்று பெண் என்று வருகிறது. ஆணே வராது.

இதில் வியப்பான பகுதி 2015-இல் வந்தது. பப்பாளியின் எக்ஸும் ஒய்யும் பிரிந்து சுமார் 70 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் ஆண் ஒய்யும் இருபால் ஒய்யும் பிரிந்து சுமார் 4,000 ஆண்டுகள்தான். இரண்டுக்கும் வேறுபாடு அரை சதவீதத்துக்கும் குறைவு. காட்டுப் பப்பாளியில் இருபால் மரமே காணப்படுவதில்லை. அதாவது நம் தோட்டத்து இருபால் பப்பாளி, மத்திய அமெரிக்காவில் யாரோ சில விவசாயிகள், காய்க்கிற ஓர் ஆண்மரத்தைப் பார்த்து 'அடடா' என்று விதை எடுத்து வைத்ததால் நிலைத்தது என்றுதான் ஆய்வு சொல்கிறது. 'இருபால்' என்ற சொல்லைக் கேட்டால் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரி நடுவில் நிற்கிற ஒன்று மனசில் வரும். பப்பாளியில் அது நடுவில் இல்லை. சூல் வேலையை மறுபடி தொடங்கிய ஆண்மரம் அது.

தமிழ்நாட்டுப் பப்பாளித் தோட்டத்தில் இதே சொற்கள் இன்னொரு பாடு படுகின்றன. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தந்த ரகங்களில் கோ-2 மாதிரியானவை ஆண், பெண் பிரிந்தவை. அங்கே ஒரு குழியில் நான்கைந்து விதை போட்டு, பூ வந்ததும் ஆண்மரங்களை வெட்டிவிட்டு, 20 பெண்மரத்துக்கு ஓர் ஆண்மரம் என்று விட வேண்டும். கோ-7 மாதிரியானவை இருபாலும் பெண்ணும் கலந்தவை. அங்கே குழிக்கு ஓர் இருபால் மரத்தை வைத்துக்கொண்டு பெண்மரத்தை வெட்ட வேண்டும். ஒரு தோட்டத்தில் காப்பாற்றப்படுகிற அதே பெண்மரம் இன்னொரு தோட்டத்தில் வெட்டப்படுகிறது. மரம் எந்தத் தப்பும் செய்யவில்லை. எந்த மரத்துக்கு எந்த வேலை தெரியும், சந்தைக்கு எந்தக் காய் வேண்டும், இவ்வளவுதான் கணக்கு. பூ வருகிற வரைக்கும் எல்லாக் கன்றுக்கும் ஒரே தண்ணி, ஒரே எரு, ஒரே கூலி. பாதியை வெட்டப் போகிறோம் என்று தெரிந்தே வளர்க்கிற செலவு அது. கன்றிலேயே ஒய் இருக்கிறதா என்று சொல்லும் டிஎன்ஏ சோதனைகள் இதற்காகத்தான் வந்தன. விவசாயிக்கு ஆண், பெண் என்பது குணம் இல்லை, இரண்டு மாதக் கூலி.

போதாக்குறைக்குப் பப்பாளி சொன்ன பேச்சும் கேட்காது. வெயில் ஏறினால் இருபால் மரம் சூலகத்தைச் சுருக்கிக்கொண்டு வெறும் தூள் தருகிற பூவாகப் பூக்கும். ஆண்மரம் சில சமயம், நீளமாகத் தொங்கும் காம்பின் நுனியில் ஒன்றிரண்டு காய் காட்டும். 'ஆண்மரம் காய்ச்சிருச்சு' என்று ஊரே வந்து பார்க்கும். பெண்மரம் மட்டும் மாறாது, வெயிலானாலும் மழையானாலும் பெண்பூதான். ஆண்மரத்துக்குள் சூலகம் செய்கிற குறிப்பு அழியவில்லை, நிறுத்தித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. நிறுத்துகிற பிடி தளர்ந்தால் காய் வருகிறது.

ஆண்மரம் காய்ப்பது என்றதும் தமிழ் வாசகருக்கு திருவோத்தூர் நினைவு வந்திருக்கும். செய்யாற்றுத் திருவோத்தூரில் அடியார் ஒருவர் நட்ட பனைகள் எல்லாம் ஆண்பனைகளாகப் போக, சமணர்கள் அதைச் சொல்லிக் கேலி செய்ய, சம்பந்தர் பதிகம் பாடியதும் அவை குலை தள்ளின என்பது பெரியபுராணத்தில் விரிவாக வரும் நிகழ்ச்சி. பனையின் பால் பூக்கிற வரைக்கும் வெளியே தெரியாது. பூக்கப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். அந்த அடியாரின் துக்கம் சின்னது இல்லை. அவர் இழந்தது காத்திருந்த வருஷங்களை. ஒரு குழிக் கன்று பப்பாளியை வெட்டி எறிகிற மாதிரி அதை எறிய முடியாது.

இந்தக் கதையை இன்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் 'ஆண்பனை பெண்பனையாக மாறிய அற்புதம்' என்று சொல்கிறார்கள். தலவரலாற்றுப் பலகைகளிலும் அப்படித்தான். ஆனால் முதல் திருமுறையில் இருக்கிற அந்தப் பதிகத்தின் கடைசிப் பாட்டைப் பார்த்தால் சம்பந்தர் அப்படிச் சொல்லவில்லை. அங்கே ஆண்பனை ஆண்பனையாகவே இருந்து குலை ஈனுகிறது. மாறியது என்ற சொல்லே இல்லை. காய்த்த பிறகும் அதன் பெயர் ஆண்பனைதான். அற்புதத்தின் சுவையே அந்த முரணில்தான் இருக்கிறது. பெண்பனையாகிவிட்டால் அப்புறம் காய்ப்பதில் என்ன அதிசயம்? பிற்காலத்தில் கதை சொன்ன நமக்கு அந்த முரண் தாங்கவில்லை. காய்த்தால் பெண்ணாகத்தானே இருக்க வேண்டும் என்று திருத்திவிட்டோம்.

உடனே, அந்தக் காலத்திலேயே நம்மவர்களுக்கு மரபியல் தெரியும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அப்படி ஒன்றும் இல்லை. அது பக்திப் பாட்டு, அதன் அக்கறை இறைவனிடம். நான் சொல்வது சொற்களைப் பற்றி மட்டும். ஒரு கவிஞர் கண்ட காட்சியை, அல்லது கண்டதாகப் பாடிய காட்சியை, விளக்கம் சேர்க்காமல் அப்படியே வைத்திருக்கிறார். ஆண்பனை, குலை. அந்த ஒழுக்கம் மக்காச்சோளத்துக்குக் 'கொண்டைவிதை' என்று பெயர் வைத்தவரின் ஒழுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 'பெண்ணாக மாறியது' என்று திருத்தியவர்கள் லின்னேயஸ் பக்கம்.

இது ஏன் எனக்கு முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். தமிழில் ஆண், பெண், பால் பற்றிய விவாதம் எங்கே வந்தாலும் யாராவது ஒருவர் தாவரத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறார். ஒரு தரப்பு, 'மரத்துல கூட ஆண் பெண் தெளிவா இருக்கு, இயற்கையே பிரிச்சு வச்சிருக்கு' என்கிறது. மறு தரப்பு, 'பப்பாளியைப் பாருங்க, இயற்கையில் பால் என்பதே நெகிழ்ந்தது' என்கிறது. எனக்கு இரண்டாவது தரப்பின் அரசியல்தான் சரி. ஆனால் வாதம் இரண்டுமே ஒரே தப்பான பெயரின் மேல் கட்டியது. பப்பாளியின் ஆண், ஓர் ஆள் இல்லை. அது எக்ஸ்-ஒய் கொண்ட ஒரு மரத்தில் ஒரு வேலை நிறுத்தப்பட்டிருக்கிற நிலை. ஒரு திருநங்கையின் உரிமைக்குப் பப்பாளி வந்து சாட்சி சொல்லத் தேவையில்லை. நாளைக்கு ஆய்வு வேறு மாதிரி வந்தால் அந்த உரிமை போய்விடுமா என்ன? மனிதர்களின் கண்ணியத்துக்கு மனிதர்களிடமே போதுமான காரணம் இருக்கிறது. செடியைச் செடியாக விட்டால் இரண்டு பேருக்கும் நல்லது.

செடியைச் செடியாக விடுவது முதலில் மொழிபெயர்ப்பாளர் கையில் இருக்கிறது. இந்த மரபணுக்கள் எல்லாம் சீக்கிரமே தமிழில் எழுதப்படும். அஸ்பாரகஸின் மரபணுவைப் 'பெண்மை ஒடுக்கி' என்று எழுதுவதற்குக் கை பரபரக்கும், தலைப்புக்கு நன்றாக இருக்கும். 'சூல்நிறுத்தி' என்று எழுதினால் போதும் என்பது என் தரப்பு. ஓகிக்குத் 'தடைநீக்கி' என்றும், நட்பான பையனுக்கு 'மகரந்தத் துணை' என்றும் சொல்லிப் பார்க்கலாம். இவற்றைவிட நல்ல சொற்களைத் தாவரவியல் படித்தவர்கள் கொண்டுவந்தால் நான் முதல் ஆளாக எடுத்துக்கொள்வேன். அளவுகோல் ஒன்றுதான். அடுத்த ஆய்வு முடிவு வரும்போது பெயர் உடையக் கூடாது.

கிவியில் அந்த அடுத்த முடிவு ஏற்கெனவே வந்துவிட்டது. 2019 ஆய்விலேயே ஒய்யில் இருந்த அந்த 'நட்பான பையன்' மரபணுவை எடுத்து ஒரு பெண்செடிக்குள் வைத்துப் பார்த்தார்கள். அந்தச் செடி நல்ல மகரந்தம் செய்தது. சூல்நிறுத்தி அதில் இல்லை என்பதால் சூலகமும் வழக்கம்போல வளர்ந்தது. பக்கத்தில் ஆண்செடி இல்லாமலே தானாகக் காய்த்தது. தோட்டத்தில் காய்க்காத ஆண்செடிக்கென்று இடம் ஒதுக்குகிற விவசாயிக்கு இது பெரிய செய்தி. பழைய கதையின்படி இதை எழுத வேண்டுமானால், ஒரு பெண்ணுக்குள் ஒரு பையன் குடியேறி அவள் தானாகவே பிள்ளை பெற்றாள் என்று எழுத வேண்டியிருக்கும். வேலையின் பெயரால் எழுதினால் ஒரு வரி போதும்: இந்தக் கிவிச் செடி தூளும் தரும், காயும் காய்க்கும்.